இடம் போட்டுக் கொடுத்தவர்கள்

ஹென்றி இன்னும் விசையை அழுத்தவே இல்லை, அதற்குள் உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்துவிட்டது.

காற்றுச் சுத்தியலைத் தகட்டிலிருந்து விலக்கி, ஓட்டைக்குள் அடிபடாமல் துருத்திக்கொண்டு நின்ற ரிவெட்டை அவன் குனிந்து பார்த்தான். புத்தம் புதுத் தலை, ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு தட்டு என்றால் 'சரி, அடுத்ததுக்குப் போ' என்று அர்த்தம். அடிக்காத ரிவெட் எப்படியடி சரியாகும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் தான் முதலில் பேசியதாகிவிடும், அந்தத் தோல்விக்கு அவன் தயாராக இல்லை.

புருஷனும் பெண்சாதியும் முகம் பாராமல், ஒரு வார்த்தை பேசாமல் ஒரே வேலையைச் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். இந்த வேலையில் தாராளமாக முடியும். வெளியே சாரத்தில் நிற்கிறவன் ரிவெட்டை ஓட்டைக்குள் செருகிச் சுத்தியலால் அடிப்பான். உள்ளே நிற்கிறவள் அதன் வால்மேல் ஒரு இரும்புக்கட்டியை அமர்த்திப் பிடிப்பாள். அடி விழ விழ வால் நசுங்கிச் சட்டைப் பொத்தான் மாதிரித் தட்டையாகும், இரண்டு தகடும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகும். நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் பேச்சும் எடுபடாது. ஆகவே தட்டுத்தான் பாஷை. உள்ளே இருக்கிறவள் இரும்பால் ஒரு தட்டுத் தட்டினால் 'இன்னும் அடி'. இரண்டென்றால் 'சரி'. மூன்றென்றால் 'கெட்டுப்போச்சு, துளைத்து எடு'. கட்டாரில் விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்தபோது கற்றுக்கொண்டதை, ஊருக்கு வந்து பெண்சாதி ஐரினுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அவளுடைய ஒல்லிக் கைக்கும் தோளுக்கும் போகாத சந்து அந்த விமானத்தில் கிடையாது.

கடுகண்ணாவைக் கணவாயின் வளைவில் லொறிகள் பிரேக் பிடித்து முனகுகிற இடத்துக்குச் சற்று மேலே, பழைய மிளகு ஸ்டோர் ஒன்றுக்குள் அந்த விமானத்தின் முன்பாதி கிடந்தது. பிஸ்டன் இயந்திரத்தில் பறந்த கிழட்டுப் பயணிகள் விமானம். அதற்கு எடை குறைந்த, புதுமாதிரி டர்போப்ராப் இயந்திரம் பூட்டி இன்னொரு ஆயுள் பறக்கவிடுகிறது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று. இயந்திரம் மாறினால் எடை மாறும், எடை மாறினால் சமநிலை போகும். அதைச் சரிக்கட்ட மூக்குக்குப் பின்னால் உடம்பையே குறுக்கே அறுத்து, நடுவில் புதிதாக ஒரு வளையத்தைச் சேர்த்து நீட்டுவார்கள். இறக்கையும் வாலும் இயந்திரங்களும் அங்கேயே இருக்க, கூலி மலிவு என்று மூக்கையும் அதை ஒட்டிய கொஞ்ச உடம்பையும் மட்டும் கப்பலேற்றி, வளையம் சேர்க்கும் வேலையைப் பஹ்மியிடம் கொடுத்திருந்தார்கள். கட்டுகஸ்தோட்டைக்காரர், படித்த இன்ஜினியர், நல்ல மனுஷன்.

வேலை தொடங்கிய நாளிலிருந்து ஐரினுக்கு அந்த மூக்கைப் பிடிக்கவில்லை. போன சனிக்கிழமை வேலையை நடுவில் விட்டுவிட்டு வெளியே வந்து, எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இடத்தில் நின்று, "உள்ள இன்னொரு ஆளு இருக்குங்க" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. ஹென்றிக்கு அது தெரிந்தது. தெரிந்தும், பத்துப்பேர் பார்க்கிறார்களே என்ற வீறாப்பில், "அப்ப அவருக்கும் சேத்து சம்பளம் கேளு" என்றான். ஷெட்டே சிரித்தது.

அன்று பொழுதுபட்டு வீட்டில் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே அவள் சொன்னாள். "முன்ன அதுக்கு உள்ள இடமில்லங்க. பைலட் சீட்டுக்குப் பின்னால சுருண்டு மடங்கித்தான் கெடந்திருக்கு. இப்ப நாமதான் வளையம் வச்சி இடம் போட்டுக் குடுக்கிறோம். கைய நீட்டிப் பாக்குது. நான் பாத்தேன்."

"பேய்க்கு வீடு கட்டிக் குடுத்த புண்ணியம் நமக்குக் கெடைக்கட்டும்" என்றான் ஹென்றி. அதற்கும் தானே சிரித்தான்.

"இனி ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேசுனேன்னா என்னனு கேளுங்க" என்றாள் ஐரின். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஞாயிறு பூசைக்கு ஒரே பெஞ்சில் ஓரம் ஓரமாக உட்கார்ந்தார்கள். சோற்றுக் கோப்பை மேசையில் டமார் என்று வந்து விழுந்தது. வேலைக்கு மட்டும் நேரம் தவறாமல் வந்தாள். எடுத்த வேலையை அந்தரத்தில் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இன்று வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. மதியத்துக்கு முன்பே மலையிலிருந்து பனி இறங்கி ஷெட்டின் வாசலை மூடிக்கொண்டு நின்றது, உள்ளே பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. பஹ்மி தொப்பியைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு சாரத்தின் அடியில் வந்து நின்றார்.

"ஹென்றி, நான் ஜும்மாக்குப் போயிட்டு வாரன். மத்தவங்களும் சாப்பிடப் போறாங்க. இந்தக் கடைசி வரிய மட்டும் முடிச்சி வைங்க. லொறி நாளைக்கு விடியவே வருது."

"முடிஞ்சிரும் சேர்."

"நேத்து அடிச்சதெல்லாம் உள்ளுக்குப் போய்ப் பாத்தன். ஒண்டக்கூடக் கழிக்க ஏலாது. அவ்வளவு நல்லா ஈக்கி." பஹ்மி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு பேரும் இன்னும் பேசுறல்லயா?"

"அவ வாயத் தொறக்காததாலதான் சேர் வேல இவ்வளவு சுத்தமா போகுது."

பஹ்மி சிரித்துக்கொண்டே குடையை விரித்தார். சற்று நேரத்தில் வேனின் சத்தம் பனிக்குள் போய்க் கரைந்தது. ஷெட்டில் ஹென்றியும் தகட்டுக்கு அந்தப் பக்கம் ஐரினும் மட்டும் மிஞ்சினார்கள்.

கடைசி வரி, புது வளையமும் பழைய மூக்கும் சேருகிற பொருத்து. இடுப்பு உயரத்தில் தொடங்கி ஆள் உயரத்துக்கும் மேலே போக வேண்டும். புதுத் தகடு பச்சைப் பூச்சோடு பளபளவென்றிருந்தது. பழைய தகடோ எத்தனையோ நாட்டு வெயிலில் வெந்து சாம்பல் பூத்திருந்தது. அதைத் தொடுகிறபோதெல்லாம் உள்ளங்கை சில்லிட்டது. இயந்திரம் இந்த மலைக்கு வந்ததே இல்லை, ஆனாலும் மழைநாளில் அந்தப் பொருத்திலிருந்து பெற்றோலும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை கசிந்து வரும், கூடவே நாள்பட்ட ஈரக் கம்பளியின் வாடை ஒன்றும் வரும். இன்று அந்தக் கம்பளி வாடை தூக்கலாக இருந்தது.

அடிக்காத ரிவெட்டுக்குத் தட்டு வந்தது இங்கேதான், வரியின் தொடக்கத்தில்.

சீண்டுகிறாள், வேறென்ன. ஹென்றி காதுமூடியை இழுத்து அழுத்திக்கொண்டு சுத்தியலை வைத்து அடித்தான். டொக், டொக். சரி. அடுத்தது. டொக், டொக். சரி. அதற்கடுத்தது அடித்து முடிக்கும் முன்னமே சரி. கை அவ்வளவு லாவகமாகப் போயிற்று. ஐரின் பிடித்தால் அடியின் முடிவில் எப்போதும் ஒரு சின்ன நழுவல் இருக்கும், பாவம், ஒல்லிக் கைதானே. இன்று அந்த நழுவலே இல்லை. பாறையில் அடிக்கிற மாதிரி, கொடுத்த அடி முழுசாக உள்ளே இறங்கிற்று. கோபம் வந்தால் பெண்ணுக்கு என்ன பலம் வருகிறது பார் என்று நினைத்து அவன் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

பிறகு ஒரு ரிவெட்டுக்கு இரண்டு தட்டு வந்த கையோடு, கீழே முழங்கால் உயரத்தில் மூன்று தட்டு வந்தது. மெலிசாக, இரும்பால் தட்டியது போலில்லாமல், நகத்தால் தட்டியது போல.

ஹென்றி நின்றான். சரியா, கெட்டதா? ரிவெட்டின் தலையை விரலால் தடவிப் பார்த்தான். பழுது சொல்ல முடியாது. வேண்டுமென்றே செய்கிறாள், நல்ல வேலையைத் துளைத்து எடுக்க வைத்துக் கை உளைய விடப் பார்க்கிறாள். "போடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி அடுத்த ஓட்டைக்குப் போனான்.

மேலே இரண்டு. கீழே மூன்று.

அடுத்ததற்கும் அப்படியே. மேலே உறுதியாக இரண்டு, கொஞ்சம் பொறுத்துக் கீழே அவசர அவசரமாக மூன்று. கொழும்புக்கு இறங்குகிற ரயில் ஒன்று பாறைக் குடைவுக்குள் ஊதிக்கொண்டு போனது. மழை கூரைத் தகரத்தில் கொட்டிக் கவிழ்த்தது. ஹென்றி சாரத்தின் மேல்பலகைக்கு ஏறினான், வரி இப்போது அவன் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. கீழேயிருந்து வந்த மூன்று தட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் காலால் உதைக்கிற சத்தமாக மாறியது. அதையும் அவன் கோபத்தின் கணக்கில்தான் எழுதினான். உதைக்கட்டும். கால் வலித்தால் தானே நிற்கும்.

அப்போது கரண்ட் போனது.

ஷெட்டின் விளக்குகள் அணைந்தன. சுத்தியலுக்குக் காற்றுக் கொடுக்கிற கம்ப்ரசரின் உறுமல் இறங்கி நின்றது. வாசலிலிருந்து வந்த பனி வெளிச்சத்தில் தகடு மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தொட்டியில் இன்னும் காற்று மிச்சமிருந்தது, கொஞ்சம் அடிக்கலாம். கை பழகிய வேகத்தில் ஹென்றி ஒரு ரிவெட்டைச் செருகி அடித்தான். டொக், டொக். இன்னொன்று. டொக், டொக்.

மூன்றாவதைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே எரிகிற விளக்கும் இதே கரண்ட்தான்.

அந்த மூக்குக்குள் ஜன்னல்களையெல்லாம் அட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். பின்பக்கம் பலகைக் கதவு. விளக்கு அணைந்தால் தன் கையே தனக்குத் தெரியாத கும்மிருட்டு அது. ரிவெட்டின் வால் சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது, அதை இருட்டில் தேடி இரும்பை நேராக அமர்த்திப் பிடிக்க எந்த மனுஷராலும் முடியாது. கரண்ட் போனால் ஐரின் முதல் வேலையாக வெளியே வந்துவிடுவாள். அவளுக்கு இருட்டென்றால் பயம், கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குத் தெரியும்.

ஹென்றி காதுமூடியைக் கழற்றினான்.

மழை. கூரையின் ஓட்டை வழியே எங்கோ சொட்டுகிற தண்ணீர். தொட்டியிலிருந்து காற்று கசிகிற சீறல். அவன் காதைத் தகட்டில் வைத்தான். தகடு சில்லென்று கன்னத்தில் ஒட்டியது. உள்ளே மூச்சு கேட்டது. ஒன்று குட்டிக்குட்டியாக, மூக்கால் மட்டும் இழுக்கிற, அழுகிறவளின் மூச்சு. இன்னொன்று நீளமானது. மிக நீளமானது. இழுத்துக்கொண்டே இருந்தது, விடவே இல்லை.

 வீறாப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஐரின்!"

டொக், டொக்.

"ஐரின், பேசுடி. நான்தான் தப்பு. அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால ஒன்னய வச்சி சிரிச்சது தப்பு. நீ வெளிய வா. வேல போனாப் போகுது, நாம வீட்டுக்குப் போயிருவோம்."

டொக், டொக்.

அவன் காதுக்கு நேரே. தகட்டின் மறுபக்கம், அவன் கன்னம் இருந்த அதே இடத்தில். தலைக்கு மேலே, ஐரின் எட்டிக்கூடத் தொட முடியாத உயரத்தில் இன்னொன்று. டொக், டொக். பழைய மூக்கின் முன்கோடியில் இன்னொன்று. எல்லாம் ஒரே நேரத்தில்.

கீழே ஒரு உதை. ஒன்றே ஒன்று. பலமில்லாத உதை.

"யேசுவே" என்றான் ஹென்றி. சுத்தியல் கையிலிருந்து நழுவிச் சாரப் பலகையில் விழுந்தது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. முழங்கை கம்பியில் கிழிபட்டது, வலிக்கவில்லை. விமானத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். பலகைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தாழ்ப்பாள்கூட இல்லை. வேண்டியபோது வெளியே வரலாம், யாரும் யாரையும் பூட்டி வைக்கவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. கதவைத் தள்ளினான்.

ஈரக் கம்பளி வாடை முகத்தில் வந்து மோதியது.

போன் டோர்ச்சைப் போட்டான்.  வாசலில் ஐரினின் செருப்புகள் ஒழுங்காகச் சோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் இரும்புக்கட்டி. அதைச் சுற்றிவைத்த துணி இன்னும் அவிழ்க்கப்படவில்லை. உள்ளே வந்தவள் அதைத் தொடவே இல்லை.

அப்படியானால் இவ்வளவு நேரம் எதன்மேல் அடித்தேன்?

"ஐரின்."

 அந்தக் குட்டி மூச்சு மட்டும்.

புது வளையத்துக்குள் கால் வைத்தான். தரைத்தகடு பாரத்தில் இறங்கி மேலெழுந்தது. வெளிச்சத்தை இடப்பக்கப் பொருத்துக்குத் திருப்பினான். இடுப்பு உயரத்தில் முதல் ரிவெட். தட்டையாக, வட்டமாக, பழுதே இல்லாமல். அதன் அடியில் ஏதோ கறுப்பாகச் சிக்கியிருந்தது. நூல் போல. இரண்டாவதின் அடியிலும். மூன்றாவதின் அடியிலும்.

தலைமுடி.

ஒவ்வொரு ரிவெட்டின் கீழும் ஒரு கற்றை. நேராக இழுத்து, நீவி, ஓட்டையின் மேல் படியவைத்து, அதன்மேல் வால் நசுங்கி இறுகியிருந்தது. ஒன்று, அதற்கு மேலே ஒன்று, அதற்கும் மேலே. அவன் அடித்த வரிசையில். அவன் அடித்த அவ்வளவும். வெளிச்சம் மேலே ஏறிற்று.

ஐரின் கால் பெருவிரல்களில் நின்றுகொண்டிருந்தாள். அதற்குமேல் எம்ப அவளுக்கு உயரம் இல்லை. பக்கத்துத் தலை முழுதும் தகட்டோடு தைக்கப்பட்டு, கன்னம் அதில் நசுங்கி, நெற்றித் தோல் மேலே இழுபட்டு, ஒரு கண் மூட முடியாமல் விரிந்திருந்தது. உயிரோடு இருந்தாள். வாயின் மேல் ஒரு கை இருந்தது. சாம்பல் நிறம். விரல்கள் அவள் முகத்தைக் குறுக்கே தாண்டி மறுபக்கக் காதுவரை போயின. அந்தக் கை மணிக்கட்டில் முடிந்து, முழங்கையில் மடிந்து, இன்னொரு முழங்கையிலும் மடிந்து, பைலட் சீட்டுக்குப் பின்னாலிருந்த இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.   

ஐரினின் கண் அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஹென்றியைப் பார்த்தது.

அவன் அவளை நோக்கி ஒரு அடி வைத்தான். இருட்டிலிருந்து இன்னொரு கை வந்தது. அவசரமே இல்லாமல். அதன் உள்ளங்கை முழுக்கச் சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள், ரிவெட் வால் அளவில், எல்லாம் புதுசு. அவள் தலையில் மிச்சமிருந்த கடைசிக் கற்றையைப் பிடித்து, சிக்கெடுத்து, மேலே இழுத்தது. அவள் பெருவிரல்கள் தரையை விட்டன. இன்னும் அடிக்காத ஓட்டை ஒன்று அவள் தலைக்கு மேலே இருந்தது, அதன் வழியாக வெளியிலிருந்து பனி வெளிச்சம் நூல் போல உள்ளே விழுந்தது. அந்த ஓட்டையின்மேல் முடியைப் படியவைத்து அந்தக் கை நீவிவிட்டது.

ஷெட்டில் அவர்கள் இரண்டு பேரையும் தவிர வேறு யாரும் இல்லை. சாரத்தில் யாரும் இல்லை.

ஓட்டையிலிருந்து வந்த வெளிச்சம் அணைந்தது. வெளியேயிருந்து ஒரு ரிவெட் மெதுவாகச் செருகப்பட்டு, ஐரினின் முடிக்கற்றையை விலக்கிக்கொண்டு, அதன் வால் பளபளவென்று உள்ளே வந்து நின்றது.